கிழக்கு மூலைக் கிணறு

வீட்டை விட்டுக் கிளம்புகிறவனைப் பார்த்து "எங்க போறீக?" என்று கேட்கக் கூடாது என்பது குஜிலியம்பாறைப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேட்டுவிட்டால் போகிற காரியம் விளங்காது. அப்படி யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், கேட்கப்பட்டவன் வீட்டுக்குத் திரும்பி, செத்த நேரம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவான். எல்லோரும் செய்வதுதான். ஆனால் கருப்பணன் திரும்பி வந்து உட்கார்ந்தால் உடனே எழுந்திருக்க மாட்டான். கேட்டவன் யார், அவன் யாருக்குச் சொந்தம், கேட்கச் சொல்லி அவனை அனுப்பியது யார் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவான். யோசித்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். அந்த யோசனையும் ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரே வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். அது அவன் மச்சான் பொன்னழகின் வீடு.

கருப்பணன் அந்த ஊர்க்காரன் இல்லை. வடமதுரைப் பக்கத்திலிருந்து மூக்காயியைக் கட்டிக்கொண்டு, மாமனாருக்கு ஆண் பிள்ளை இல்லாததால் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தவன். மாமனார் கண்ணை மூடியதும் அவருடைய சரளைக் காடு மூக்காயிக்கு வந்தது. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் சோளமும் கடலையும், பெய்யாவிட்டால் வெறும் கோரைப்புல். அதற்கு மேற்கே வரப்பை ஒட்டினாற்போல் பொன்னழகின் தோட்டம். மூக்காயிக்குப் பெரியப்பா மகன், கூடப் பிறக்காத அண்ணன். அவன் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கமலை சித்திரையிலும் ஓடும். வெங்காயமும் மிளகாயும் பச்சைப் பசேலென்று நிற்கும். வரப்புக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்க்கும்போதெல்லாம் கருப்பணனுக்கு ஒன்று தோன்றும். வந்தவன் இந்தக் காய்ந்த காட்டில் தோற்று ஊரைப் பார்த்துப் போய்விடுவான், காடு தானாகத் தன் கைக்கு வரும் என்று பொன்னழகு காத்திருக்கிறான். பொன்னழகுக்கு அப்படி ஓர் எண்ணம் இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது. கருப்பணனுக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் அடுத்தடுத்து மழை பொய்த்தது. ஊரில் பாதிப் பேர் வேலை தேடித் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் போனார்கள். கருப்பணன் போகவில்லை. கிணறு வெட்டப் போகிறேன் என்றான். தண்ணீரைக் கண்ணால் பார்க்கிற வரைக்கும் தன் மனசு வேறு எதிலும் போகாது என்று அய்யனார் கோயில் முன்னால் நின்று துண்டைப் போட்டுத் தாண்டிச் சத்தியம் செய்தான். இந்த மாதிரி வைராக்கியத்தை ஊரில் எல்லோரும் மெச்சுவார்கள். அவனையும் மெச்சினார்கள். மெச்சியவர்களையும் அவன் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தான்.

நீரோட்டம் பார்க்கிறவரை எரியோட்டிலிருந்து கூட்டி வந்தான். அவர் வேப்பங்குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு காடு முழுக்க நடந்தார். மேற்கு வரப்பை நெருங்கியதும் குச்சி சுழன்றது. அங்கே ஒரு கல்லை நட்டு, கூலியை வாங்கி மடியில் சொருகிக்கொண்டார். அதோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. போகிற வழியில் தாகமெடுத்து, பொன்னழகு வீட்டில் ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்தார்.

கருப்பணன் அதைப் பார்த்துவிட்டான். அன்று முழுக்க அவனுக்கு மோர்ச் சொம்புதான் கண்ணுக்குள் நின்றது. மேற்கு வரப்பு ஓரத்தில் வெட்டினால் தோண்டுகிற மண்ணெல்லாம் பொன்னழகு தோட்டத்தில் சரியும், நாளைக்கு எல்லைச் சண்டை வரும். ஊற்று வந்தாலும் அது என் கிணற்று ஊற்று என்று பொன்னழகு பஞ்சாயத்துக்குப் போவான். அதற்குத்தான் குச்சிக்காரரைச் சரிக்கட்டியிருக்கிறான். இப்படி ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட்டு, மறுநாள் காலையில் அந்தக் கல்லைப் பிடுங்கினான். பொன்னழகிடமிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய், கிழக்கு மூலையில் நட்டான். மூக்காயி பக்கத்தில்தான் நின்றாள். ஏன் என்று கேட்டதற்கு, உனக்கு விவரம் பத்தாது என்று சொல்லிவிட்டான்.

கடப்பாரை இறங்கி நாலைந்து நாள் இருக்கும். பொன்னழகு வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தான். மகளுக்குக் காது குத்து. முறையாக அழைத்துவிட்டுப் போகாமல் குழிக்குள் எட்டிப் பார்த்தான்.

"மாப்ளே, காதுகுத்து கெடக்கட்டும். இந்தக் கெழக்கு மூலையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும்."

கருப்பணன் கடப்பாரையைக் கீழே வைக்கவே இல்லை. "கெணறு முடியட்டும் மச்சான். அம்புட்டு வார்த்தையையும் ஒண்ணா வச்சுக் கேட்டுக்கிறேன்" என்றான்.

பொன்னழகு வெற்றிலை பாக்கை மேட்டில் வைத்துவிட்டுப் போனான். கருப்பணனுக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் வலையை அறுத்துவிட்டோம் என்று மூக்காயியிடம் சொன்னான். காது குத்துக்கும் போகவில்லை, அவளையும் அனுப்பவில்லை. அண்ணன் வீட்டு விசேஷத்துக்குத் தங்கச்சி வரவில்லை என்று ஊர் வாய் மென்றது. மூக்காயி அன்று முழுக்கக் கல் கூடையைச் சுமந்துகொண்டே அழுதாள். வியர்வை வழிகிற முகத்தில் அது தனியாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு கருப்பணன் கண்ணுக்குப் பட்டதெல்லாம் வலையாகத்தான் இருந்தது. ஊருக்கு டூரிங் டாக்கீஸ் வந்தது. கொட்டகையைத் தன் காட்டுக்கு எதிரே போட்டது தற்செயல் இல்லை என்றான். பாட்டு காதில் விழாமலிருக்க, பொழுது சாயும் முன்பே தலையோடு காதையும் சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு வேலை செய்தான். தேர்தல் வந்தது. ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் கிணற்று மேட்டில் நின்று அரை மணி பேசினார்கள். அவர்கள் போனதும், பொன்னழகு ஆள் வைத்துத் தன் பொழுதைப் போக்கடிக்கிறான் என்று முணுமுணுத்தான். திருவிழாவுக்குச் சாமியாட்டத்துக்கு மேளம் அடிக்கக் கூப்பிட்டார்கள். நல்லா அடிப்பான், வந்த புதிதில் அந்தக் கைக்காகவே ஊரில் அவனுக்கு ஒரு மரியாதை இருந்தது. மாட்டேன் என்றான். இரண்டு வருஷம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். இப்போது ஏன் கூப்பிடவில்லை என்று அதையும் ஒரு சந்தேகமாக வைத்துக்கொண்டான்.

வெள்ளாமை வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு கோடையிலும் வெடிக்காரரைக் கூட்டி வந்து பாறையை உடைப்பான். மீதி நாளெல்லாம் அவனும் மூக்காயியும்தான். அவன் உடைப்பான், அவள் தலையில் சும்மாடு கூட்டிக் கல்லைச் சுமந்து மேலே கொட்டுவாள். சின்னப் பெண்ணாக இருந்த மகள் மேட்டு வேப்ப மர நிழலில் விளையாடிக்கொண்டிருப்பாள். ஓர் ஆள் உயரம் இறங்க ஒரு வருஷம் ஆனது. குழி இறங்கியதோ இல்லையோ, மேட்டில் கல் குவியல் ஒரு கரட்டு மலை மாதிரி வளர்ந்தது. அவன் உழைப்பைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பிடிவாதத்தில் பாதியைப் பொன்னழகின் வார்த்தையைக் கேட்பதில் காட்டியிருந்தால், நமக்கும் அவன் மேல் இத்தனை கோபம் வராது.

நயா பைசா வந்த வருஷம் என்று நினைவு. மூக்காயி ஒருநாள் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். களையெடுக்கப் போன இடத்தில் பொன்னழகு அவளை நிறுத்தி விஷயத்தைச் சொல்லியிருந்தான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது, ஒரு பஞ்ச காலத்தில் அவன் அப்பாவும் மூக்காயியின் அப்பாவும் சேர்ந்து அந்தக் கிழக்கு மூலையில்தான் ஆட்டுக்காக ஒரு குழி தோண்டினார்களாம். கசிந்த தண்ணீரில் ஆடு வாயை வைத்துவிட்டுத் தலையை உதறியதாம். குழியை மூடிவிட்டார்கள்.

"மேல உப்புன்னா அடியிலயும் உப்பாத்தான் இருக்கும்னு அண்ணன் சொல்லல. இருந்தாலும் இருக்கும்னு சொல்லுச்சு. மேக்க அந்தக் குச்சிக்காரரு நட்ட எடத்துலயே தோண்டச் சொல்லுது. மண்ணை அதுந் தோட்டத்துல கொட்டிக்கிட்டாலும் பரவால்லையாம்."

கருப்பணன் கையில் எடுத்த சோற்றைத் தட்டில் திரும்பப் போட்டான்.

"உன்னையும் கலைச்சுப்புட்டானா" என்றான்.

அவ்வளவுதான் பேச்சு. கத்தவில்லை, அடிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் கையால் சாப்பிடுவதை நிறுத்தினான். தானே அடுப்புக் கல் கூட்டி, தானே கம்பங்கஞ்சி காய்ச்சிக் குடித்தான். கஞ்சிக்குக் கடித்துக்கொள்ள அவள் வைத்த வெஞ்சனத்தைத் தொடவில்லை. கிணற்றில் படி வெட்டாத அடிப்பகுதிக்கு இறங்கும்போது கயிற்றை அவள் பிடிக்க வந்தால், வேண்டாம் என்று வேப்ப மரத்தில் கட்டிவிட்டு இறங்கினான். பெண்டாட்டி பிடித்த கயிற்றைக்கூட நம்பாத புருஷனை மூக்காயி மேட்டில் நின்று பார்த்தாள். மகளை விட்டால், இந்த ஊரில் அவனுக்கு என்று இருந்தது அவள் ஒருத்திதான். அவளையும் அந்தப் பக்கத்து ஆளாகச் சேர்த்துவிட்டால், அப்புறம் அவன் யாரோடு இருப்பான்? ஒரு மாசம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள் காலையில் எதுவும் பேசாமல் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு குழிக்குள் இறங்கி, கல்லை எடுத்துக் கூடையில் போட்டாள். அன்று ராத்திரி அவன் அவள் கையால் சாப்பிட்டான். அடியில் நல்ல தண்ணீர் இருந்தாலும் இருக்கலாம் என்று அவளும் தன்னைத் தேற்றிக்கொண்டாள். கிழக்கு மூலையைப் பற்றி அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை.

திண்டுக்கல் பேகம்பூரில் தோல் சால் விற்கிற அக்பர் அலியும் அந்த வலையில் வந்து சேர்ந்தார். கமலை கட்டி இறைக்கிற தோல் பைக்குத்தான் சால் என்று பெயர். தண்ணீர் வருவதற்கு முன்பே சாலை வாங்கி வைத்துவிட வேண்டும் என்று கருப்பணன் திண்டுக்கல் பஸ்ஸில் போய் இறங்கினான். அக்பர் அலி உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னதும், பொன்னழகு நம்ம வாடிக்கைதான் என்றார். கருப்பணன் டீயைப் பாதியில் வைத்தான்.

"அண்ணே, சாலுக்கு இப்ப அவசரப்படாதீங்க" என்றார் அக்பர் அலி. "தண்ணி வரட்டும். வந்ததும் ஒரு சொம்பு கொண்டாந்து காட்டுங்க. தண்ணிக்குத் தக்கனதான் தோலு."

நல்ல வியாபாரி சொல்லுகிற வார்த்தை. கருப்பணனுக்கு அது பொன்னழகு சொல்லிக் கொடுத்த வார்த்தையாகப் பட்டது. இல்லையென்றால் கடை தேடி வந்த வியாபாரத்தை எவனாவது வேண்டாம் என்பானா? எழுந்து வந்து, வேறொரு கடையில் கேட்காமல் கொள்ளாமல் ஒரு சாலை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

நடுவில் மகள் பெரிய மனுஷியாகிக் கல்யாணத்துக்கு வந்தாள். நல்ல வரன், அய்யலூர்ப் பக்கம். வரனைச் சொன்னது பொன்னழகின் சம்பந்தி என்பதால், கிணற்று வேலையை நிறுத்தத்தான் இந்தக் கல்யாணத்தையே கிளப்பியிருக்கிறான் என்று கருப்பணன் முறுக்கிக்கொண்டான். மூக்காயி அந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் அப்பனைக் காணோம் என்று தேடினால், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் கல் உடைத்துக்கொண்டிருந்தான். மகள் அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

தண்ணீர் வந்தது அதற்கடுத்த கோடையில். வெடிக்காரர் மூன்று வெடி வைத்து, புகை அடங்கி இறங்கிப் பார்த்தபோது பாறை இடுக்கில் கை மொத்தத்துக்கு ஊற்று பீறிக்கொண்டிருந்தது. ஊரே ஓடி வந்தது. கூப்பிடாமலே வந்தார்கள். அத்தனை வருஷம் யார் வீட்டு வாசலையும் மிதிக்காதவன் காட்டில் தண்ணீர் என்றதும் எல்லோருக்கும் சந்தோஷம்தான். கருப்பணன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மேலே பார்த்துச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கூட்டத்தில் பொன்னழகு எங்கே நிற்கிறான், முகம் எப்படி இருக்கிறது என்று தேடினான்.

பொன்னழகு படியில் இறங்கி வந்து ஒரு கை அள்ளிக் குடித்தான். முகம் சுருங்கியது. கருப்பணனுக்கு அது போதுமாக இருந்தது. இவ்வளவு நாள் மூடி வைத்த வயிற்றெரிச்சல் இப்போதுதான் முகத்துக்கு வந்திருக்கிறது என்று நினைத்தான்.

"கரிக்குது மாப்ளே" என்றான் பொன்னழகு மெதுவாக, மேலே நிற்பவர்களுக்குக் கேட்காதபடி.

"வெடி மருந்துல இருக்கிற உப்பு. ரெண்டு தடவை எறச்சு விட்டாப் போயிரும்" என்றான் கருப்பணன். "மத்தபடி, உங்களுக்குக் கரிக்கத்தான் செய்யும்."

பொன்னழகு ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஏறிப் போனான். மேலே நின்றவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு தடவை இறைத்தான். கரித்தது. மூன்றாவது தடவையும் இறைத்தான். அள்ளி வாயில் வைத்தவன் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. கிணற்று மேட்டில் கல் குவியல் மேல் போய் உட்கார்ந்துவிட்டான். மூக்காயி கஞ்சி கொண்டு வந்தபோது உச்சி வெயிலில் துண்டுகூடப் போடாமல் அப்படியே இருந்தான். தலை நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது என்று அவளுக்கும் தெரியவில்லை.

"நீ குடிச்சுப் பாத்துச் சொல்லு" என்றான். "என் நாக்குக்கு என்னமோ ஆயிருச்சு. நீ சொன்னாச் சரி."

ஊரில் ஒருவன் சொல்லையும் நம்பாதவன், தன் நாக்கையே நம்பாமல் அவளிடம் கேட்டான். அவள் குடித்தாள். உப்பு தொண்டையில் இறங்கியது. அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால் இந்த மனுஷன் கிணற்றில் விழுந்துவிடுவான் என்று அவளுக்குப் பட்டது. அல்லது இவளையும் பொன்னழகு வாங்கிவிட்டான் என்று முடிவு செய்வான். இரண்டில் எது மோசம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"கலங்கலா இருக்கு, அதான்" என்றாள். "தேத்தாங்கொட்டை ஒரசி வச்சாத் தெளிஞ்சிரும். நாளைக்குப் பாருங்க."

கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கப் பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரசுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். மண் அடியில் தங்கிவிடும். உப்பு தங்காது, அது மூக்காயிக்கும் தெரியும். மறுநாள் விடியும்போது அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேற்கு வரப்பைத் தாண்டினாள். பொன்னழகு கமலை ஓட்டிக்கொண்டிருந்தான். தங்கச்சியையும் குடத்தையும் பார்த்தான். மாட்டை நிறுத்தி, சாலிலிருந்து குடத்துக்குத் தண்ணீரைச் சரித்தான்.

காலையில் கருப்பணன் சொம்பை வாங்கிக் குடித்தான். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சொம்பை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். பாத்தியா, நாந்தான் சொன்னேன்ல, வெடி மருந்துதான் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததில்லை.

அன்று தொடங்கியது நிற்கவில்லை. புதுக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே அள்ளிக் குடித்தால் வயிற்றுக்கு ஆகாது, தேத்தாங்கொட்டை போட்டதைத்தான் குடிக்க வேண்டும் என்றாள். ஊரையே நோட்டம் விடுகிறவன் அதைத் தட்டாமல் கேட்டான். தினமும் விடியலில் மேற்கு வரப்பைத் தாண்டி ஒரு குடம் வந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அவனிடம் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பப் போவதில்லை என்பது ஒரு காரணம். மூக்காயி முகத்துக்காகச் சொல்லாமல் விட்டவர்கள்தான் அதிகம்.

சோளமும் பருத்தியும் அந்தத் தண்ணீருக்குச் சுமாராக வந்தன. வெங்காயம் போட்டால் தாள் நுனி தீய்ந்து போகும். விதை கொடுத்த திண்டுக்கல் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பான். சால் அந்த உப்புக்கு இரண்டே வருஷத்தில் விறைத்து வெடித்தது. தோல்காரனும் ஏமாற்றிவிட்டான். இப்போது அவனுக்கு வேறு வேலையும் சேர்ந்துகொண்டது. மச்சான் தன் கிணற்றில் கண் வைத்திருக்கிறான் என்று சுற்றிலும் வேலி முள்ளை வெட்டிப் போட்டு, பகலெல்லாம் கம்போடு காவல் இருந்தான்.

அறுபதுகளின் நடுவில் மறுபடி பஞ்சம் வந்தது. பொன்னழகு கிணறு அடி தெரிந்தது. வெங்காயத்தைக் காயவிட்டு, கமலையை அவிழ்த்து வைத்துவிட்டான். ஊறுகிற தண்ணீரை ஆள் இறங்கித்தான் மொள்ள வேண்டியிருந்தது. வீட்டுக்கும் மாட்டுக்குமே பற்றவில்லை. அவன் பெண்டாட்டி முணுமுணுத்தும், விடியலில் முதல் குடத்தைத் தங்கச்சிக்கு என்று வரப்பில் வைத்துவிடுவான். கருப்பணன் கிணற்றில் மட்டும் உப்புத் தண்ணீர் குறையவே இல்லை.

ஒருநாள் மத்தியானம் மூக்காயி கஞ்சியும் தண்ணீரும் கொண்டு வந்தாள். கருப்பணன் முள்வேலி ஓரத்தில் உட்கார்ந்து சொம்பை வாங்கி, அண்ணாந்து நிதானமாகக் குடித்தான்.

"உங்கண்ணன் கெணறு வத்திப் போச்சாம்ல" என்றான். "இனி நம்ம தண்ணிக்குத்தான் வருவான். எனக்கு எப்பவோ தெரியும். ஒரு சொட்டு குடுக்கப்படாது, சொல்லிப்புட்டேன்."

மூக்காயி திரும்பிப் பார்த்தாள். மேற்கே பொன்னழகின் தோட்டம் சருகாகக் கிடந்தது. இன்று சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தாள்.

கருப்பணன் காலிச் சொம்பை அவள் பக்கம் நீட்டினான். "இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்றான். "என்னமா இனிக்குது."

அவள் ஊற்றினாள்.